கிராஞ்சியில் ஒரு மாட்டுப் பொங்கல்

எனக்கு ஒன்பது வயதானபோது சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டை விட்டு, பண்ணைகள் நிறைந்த கிராஞ்சிக்குக் குடிபோனோம். அப்பாவுக்குச் செடிப்பண்ணை ஒன்றில் மேற்பார்வை வேலை. பக்கத்தில் சீன ஆன்ட்டி ஒருவரின் தவளைப் பண்ணை. சாலைக்கு எதிரே, தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்த வேலையாட்களின் விடுதி. பேருந்து எப்போதாவது வரும். யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள்.

அந்தப் பொங்கலுக்கு மாடு கொண்டுவருவதாக மாமா, அம்மாவின் தம்பி, வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். மாட்டுப் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவின் வேனிலிருந்து மாலையும் கழுத்துமாக இறங்கியது ஒரு வெள்ளாடு. தெரிந்தவரின் ஆட்டுப் பண்ணையில் இரவல் வாங்கியதாம்.

நான் அழுதேன். “இது ஆடு மாமா!”

“கொம்பு இருக்குல்ல? இன்னைக்கு இதான் மாடு.”

வேலிக்கு அப்பாலிருந்து சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்து, “வெரி நைஸ் மாடு லா,” என்றார். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினார்.

கொம்புக்குச் சிவப்புச் சாயம் பூசும் நேரத்தில் ஆடு கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. சாலையில் மணல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மாமா இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தார். லாரி கிறீச்சிட்டு நின்றது. ஆடு எதையும் கண்டுகொள்ளாமல் விடுதிக்குள் நுழைந்துவிட்டது. இரவல் ஆடு. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

நாங்கள் உள்ளே ஓடியபோது ஆடு, யாரோ துணி அலச வைத்திருந்த வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. லுங்கி கட்டிய அண்ணன்மார் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“எங்க பொங்க வைக்கிறீங்க?” என்று அவர் கேட்டார்.

மாமா எங்கள் வீட்டு வாசலில், சாலையோரத்தில் மூட்டியிருந்த அடுப்பைக் கைகாட்டினார். பின்னாலேயே வந்திருந்த அம்மா, “எல்லாரும் வாங்கப்பா, சாப்பிட்டுப் போகலாம்,” என்றார். பானை சின்னது என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்திருக்க வேண்டும். சீன ஆன்ட்டி தன் பெரிய சூப்புப் பானையைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பொங்கி வழிந்தபோது எழுந்த “பொங்கலோ பொங்கல்” சத்தத்தில் ஆன்ட்டியின் குரல்தான் ஓங்கியிருந்தது. அடுத்த வருடம் யாரும் அழைக்காமலேயே எல்லாரும் வந்தார்கள். இப்போதும் அங்கே பொங்கல் அந்தச் சாலையோரத்தில்தான்.

அந்த முதல் பொங்கலன்று மாலை ஆட்டை வேனில் ஏற்றும்போது, மண்டியிட்டிருந்த அந்த அண்ணன் வந்தார். அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து நீளமாக மூச்சை இழுத்தார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

“நல்லா குளிப்பாட்டித்தான் கொண்டாந்தோம் அண்ணா. நாறாது.”

“நாறல பாப்பா,” என்றார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.