சந்தனம் பூசிய விசை

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் ஒரு வருசம் ஆயுத பூசையன்று சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு துவக்கின் விசை இருந்தது. முழுத் துப்பாக்கி இல்லை, விசை மட்டும். தீப்பெட்டி அளவில் ஒரு இரும்புக்கூடு, அதற்குக் கீழே விரல் வைக்க வளைந்து நிற்கும் ஒரு நாக்கு. நினைத்தால் இப்போதும் பயம் வரும். எனக்கு எதை நினைத்தாலும் பயம் வரும் என்பது வேறு விசயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருந்தோம், எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் முன்னறை சோபாவில் குடியிருந்தார். ஊரில் கடைசல் பட்டறையில் வேலை செய்தவர். இங்கே பெற்றோல் ஸ்டேசன், கோழிக்கடை என்று அலைந்து, கடைசியில் நகரத்துக்குள் ஒரு துவக்குக் கடையின் நிலக்கீழ் அறையில் திருத்துகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த மனிசனுக்குக் கடவுள் கொடுத்த வேலை அது. அம்மாவுக்கு அது வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வெளியில் யாரும் கேட்டால், "தம்பி மணிக்கூடு திருத்துற இடத்தில நிக்கிறான்" என்பா.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் மாமியை இங்கே கூப்பிடலாம். மாமி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில், தெரியாத சனங்களோடு ஒரு அறையில் இருந்தா. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் உப்புப் போல அந்தக் கதை எப்போதும் இருக்கும்.

மாமா விசையை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை. மான் வேட்டைக்குப் போகும் துரைமாருக்கு, தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பும் விசை பிடிக்காதாம். துருப்பிடித்த பூட்டுக்குள் திறப்பைத் திருப்புவது போல அது இறுக்கமாக இருக்குமாம். அழுத்துகிற அழுத்தில் குறி தவறிப்போகும். அதனால் அதைக் கழற்றிவிட்டு, இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடிய வேறொன்றைப் பூட்டுவார்கள். அப்படி ஒருவருக்கு வாங்கிய புது விசைதான் இது. உள்ளே கொஞ்சம் கரகரத்தது. ஞாயிறு முடிவதற்குள் மினுக்கி, திங்கள் காலை பூட்டிக் கொடுத்தால் முதலாளியிடம் நல்ல பெயர் எடுக்கலாம் என்று மாமா நினைத்தார். முதலாளியிடம் கேட்காமல் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

குசினி மேசையில் பேப்பர் விரித்து அவர் வேலை செய்ய, நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேள்வி கேட்டேன்.

"மாமா, இது வெடிக்குமோ?"

"துவக்கு கடையில பூட்டிக் கிடக்குது பிள்ளை. இது சும்மா இரும்பு."

"துவக்கில பூட்டினாப் பிறகு, தன்பாட்டில வெடிக்குமோ?"

வேறு யாருமென்றால் எழும்பிப் போ என்றிருப்பார்கள். மாமா அதை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே இரண்டு இரும்பு விளிம்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அந்தப் பிடி மயிரளவுதான். கூடினால் கரகரக்கும், குறைந்தால் ஆபத்து. இடையில் ஒரு தூசு போய் நின்றாலும் பிடி சரியாக விழாது. "அப்ப கையால தொடாமலே வெடிச்சாலும் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும், ஏன் சொன்னோம் என்று யோசித்திருப்பார். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. புத்தகங்கள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அப்பாவின் டாக்ஸித் திறப்பு எல்லாம் சாமித்தட்டுக்கு ஏறின. மாமா வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து, குட்டித் திருப்புளிகளை வரிசையாக அடுக்கி, விசையையும் எடுத்து நடுவில் வைத்தா.

"அம்மா, அது துவக்கின்ர சாமானெல்லோ?"

"ஆயுத பூசைக்கு இதைவிட ஆயுதம் எங்கயடி கிடக்குது? தம்பிக்கு வேலை நிரந்தரமாகோணும். நீ தள்ளு."

எல்லாவற்றுக்கும் வைத்ததைவிட விசைக்கு அம்மா சந்தனம் கூடத்தான் வைத்தா. வேண்டுதல் பெரிதல்லவா. தண்ணியாய்க் குழைத்திருந்த சந்தனம் பொட்டாக நிற்காமல் மெல்ல வழிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டு அந்த இரும்புக்கூட்டின் இடுக்குக்குள் போய் மறைந்தது. சொன்னேன். நல்ல நாளில் வாயைத் திறக்காதே என்று அம்மா ஏசினா. அண்ணை, "இவளுக்குச் சந்தனமும் வெடிக்கும்" என்று சிரித்தான். அதற்கு முதல் கிழமைதான், பக்கத்து வீட்டுக்காரர் இலை எரித்த புகைக்கு நான் தீயணைப்புப் படையைக் கூப்பிடச் சொல்லி அழுதிருந்தேன். எனக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை.

மாமா கோயிலால் வந்து, தட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் நான் எழும்புமுன், எல்லாவற்றையும் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் அன்று டீச்சர் சொன்ன ஒன்றும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும், போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த கடை நம்பரைச் சுழற்றினேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எடுத்தார். மாமாவைக் கேட்டேன்.

"மாமா, அந்தச் சாமானுக்குள்ள சந்தனம் போயிட்டுது."

"வெளியில பட்டதைத் துடைச்சிட்டன் பிள்ளை."

"இல்லை மாமா. உள்ளுக்க. ஒரு சொட்டு."

கோபிக்கப்போகிறார் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

"உள்ளுக்குப் போனதை நீ கண்டனியோ?"

"ஓம். கண்டனான்."

"சரி. அழாத. போனை வை."

மிச்சக் கதையை அன்றிரவு சாப்பிடும்போது மாமா சொன்னார். காலையில் விசையைப் பூட்டி, தோட்டா இல்லாத துவக்கின் பின்கட்டையை ரப்பர் விரிப்பில் குத்திச் சோதித்திருக்கிறார். விசை விழவில்லை. முதலாளியும் குத்திப் பார்த்துச் சரியென்றாராம். மத்தியானம் துரை வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விடிய ஸ்கொட்லாந்துக்குப் பயணம். என் போன் வந்தபிறகு மாமா முதலாளியிடம் போய், விசையை வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சாமித்தட்டில் வைத்ததையும் சொல்லியிருக்கிறார். தமக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை, தானே சந்தனம் வைத்ததாகச் சொன்னாராம். இருவரும் காரில் துரையின் வீட்டுக்குப் போய்த் துவக்கைத் திருப்பி வாங்கி வந்தார்கள். கடையில் முதல்முறை குத்தியபோது ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் இல்லை. அடுத்த குத்துக்கு, யாரும் தொடாமல், டிக்கென்று விழுந்தது. கழற்றிப் பார்த்தால் காலையில் ஈரமாயிருந்த சந்தனம் உள்ளே மஞ்சள் பொருக்காகக் காய்ந்து, அந்த மயிரளவு பிடியைத் தின்றுவிட்டிருந்தது.

"தோட்டா இருந்திருந்தா, முன்னால நிண்டவன் முடிஞ்சான்" என்றார் மாமா.

அம்மா அம்மாளாச்சித் தெய்வத்தைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்தா. பிறகு மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் யாரும் கேட்காமலே சோறு போட்டா. அண்ணை ஒரு நாள் முழுக்க என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடவில்லை. எனக்கென்றால் தலைகால் தெரியவில்லை. என் பயம் ஒன்று முதல்முறையாக உண்மையாகியிருந்தது.

அதற்குப் பரிசு போல, மறுநாளிலிருந்து மாமா வேலைக்குப் போகவில்லை. லீவு என்றார், நான் நம்பினேன். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார், பின்னேரம் கேற்றடியில் வந்து நின்றார். ஒரே பைக்கற்றில் சிப்ஸ் வாங்கி இரண்டு பேரும் தின்றுகொண்டு வருவோம். என் பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்பார். ஒன்றுக்கும் சிரிக்கமாட்டார். "அது நடக்கிறதெண்டால் முதல்ல என்ன நடக்கவேணும்?" என்று கேட்பார். யோசித்துப் பதில் சொல்லி முடிய பயம் பாதியாகியிருக்கும். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அங்கே படித்ததில் அதிகம் மிச்சமில்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் ஓட்டுகிறேன்.

பார்க்கில் வாத்துகளைப் பார்க்க நிற்போம் என்றால் மட்டும் அவர் சம்மதிக்கமாட்டார். "கெதியா நட பிள்ளை, போன் வந்தாலும் வரும்" என்பார். வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மாவைத்தான் பார்ப்பார். அம்மா இல்லையென்று தலையாட்டுவா. யார் எடுப்பார்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மாமி" என்றார்.

கிட்டத்தட்ட ஒரு கிழமை கழிந்து அந்தப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். கொழும்பு இல்லை, கடைக்காரக் கிழவர். மாமா வாங்கி, "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று கதைத்து முடித்துவிட்டு, அப்படியே மாடிப்படியில் இருந்துவிட்டார். நாளைக்கு வேலை என்றார். எனக்கு அழுகை வந்தது. சந்தோசமான லீவு இப்படி முடிகிறதே என்றிருந்தது. போயும் போயும் அந்தக் கிழவர் எடுக்கிறார், மாமி எடுக்கவில்லையே என்று மாமாவுக்காகவும் கவலைப்பட்டேன். அவர் தோளைத் தடவி, "மாமி பிறகு எடுப்பா மாமா" என்று ஆறுதல் சொன்னேன்.

மாமா என்னைப் பார்த்தார். "எடுத்திட்டா பிள்ளை" என்றார்.

பாவம், கவலையில் மாறிச் சொல்லுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.