இரண்டாவது சொட்டு மருந்து

இன்று காலை வில்லாபுரம் சுகாதார நிலையத்தில் என் ஆறு வார மகளுக்குத் தடுப்பூசி.

போலியோ சொட்டு கொடுத்து முடித்த நர்ஸ், இன்னொரு மருந்து பாட்டிலைத் திறந்தார். நான் குழந்தையின் வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"இப்பத்தானே குடுத்தீங்க? எதுக்கு மறுபடியும்?"

"அது போலியோவுக்கும்மா. இது ரோட்டா வைரஸுக்கு. வயித்தாலபோறதைத் தடுக்கும். இந்தா, நீயே பாரு."

காலாவதித் தேதியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதனாலேயே இன்னும் சந்தேகமாக இருந்தது.

பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் சொன்னார்: "மூத்தவனுக்கு நானும் இம்புட்டுச் சந்தேகப்பட்டு, குடுக்காமலே தூக்கிட்டுப் போனேன்க்கா. ஒன்பதாம் மாசம் வாந்தி, பேதி. டிரிப்ஸ் ஏத்த ஊசி குத்துனப்ப வீல்னு கத்துறான், கண்ணுல தண்ணியே வரல."

"இப்ப?"

"பொழச்சுட்டான். இவளுக்கு நான் யார்கிட்டயும் கேக்கல."

கையை எடுத்தேன். ஐந்து சொட்டு. மகள் சப்புக்கொட்டினாள்.

நான்கு வாரம் கழித்து அடுத்த தவணை. போவேன்.

இப்போது என் சந்தேகமெல்லாம், "அந்தச் சொட்டு வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய சொந்தக்காரர்கள் மேல்தான். உங்க பிள்ளைகளுக்குக் குடுத்தீங்களா, இல்லையா? கமெண்ட்டில் உண்மையைச் சொல்லுங்க.