சந்தனப் பொட்டும் இரண்டாவது பேட்டரியும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் கணவர் சொல்வார். இரண்டு வருடமாக அந்த மூக்கின்மேல் ஒரு மாஸ்க்கும் ஏறிக்கொண்டது. தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் ஒரு மிஷினை டாக்டர் என் கையில் கொடுத்துவிட்டார். இது இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாதாம்.

உண்மையில் முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் கணவர்தான். உலு லங்காட் காட்டில் ஆற்றோரம் கூடாரத்தில் படுத்திருந்தபோது என் குறட்டை சட்டென்று அடங்கிப்போயிற்றாம். அப்பாடா என்று நினைத்தாராம். கொஞ்ச நேரத்தில்தான், மூச்சும் சேர்ந்து அடங்கியிருப்பது உறைத்து என்னை உலுக்கி எழுப்பினார். தூக்கம் கெட்ட எரிச்சலில் அவரைத் திட்டிவிட்டு நான் மறுபடியும் தூங்கினேன். அவர் விடியும்வரை உட்கார்ந்து என் மூச்சை எண்ணியிருக்கிறார். மிஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் தூங்கிய பிறகுதான் கண்ணை மூடுவார், காலையில் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

கேம்ப் போவது அத்தோடு நின்றது. காட்டில் ஏது கரண்ட்? பிள்ளைகள் இல்லாத எங்களுக்கு காடு மேடெல்லாம் ஏறும் அந்தப் போர்வீல் வண்டியும் கூடாரமும்தான் பொழுதுபோக்கு. “கூட்டாளிங்களோட போயிட்டு வாங்களேன்” என்றால், “நீ இல்லாம எனக்கு என்ன லா கேம்ப்பு” என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சனிக்கிழமைகளில் அவர் கார் பார்க்கில் எங்கும் போகாத வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பதை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து பார்க்கும்போது, என்னால்தான் இந்த மனிதர் முடங்கிப்போனார் என்று தோன்றும். அந்த எண்ணம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

வண்டிக்கு இரண்டாவது பேட்டரி என்ற யோசனை அவருடையது. செய்தே தீர வேண்டும் என்ற அடம் என்னுடையது. பழைய பேட்டரி வண்டியைக் கிளப்ப மட்டும், புதியது என் மிஷினுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. வண்டி ஓடும்போது அது இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும், நிறுத்தினால் இரண்டையும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க நான் மூச்சு விட்டாலும் காலையில் வண்டி கிளம்பும் என்று அவர் விளக்கினார். எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

கிள்ளானில் எங்களுக்குப் பழக்கமான ஒரு வயர்மேன் இருக்கிறார். வண்டிகளுக்கு வயரிங் மட்டும் செய்பவர். நாற்பது வயதிருக்கும், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வேலை பாதியில் இருக்கும்போதே ஆயுத பூசை வந்துவிட்டது. “டூல்ஸ் எல்லாம் சாமிகிட்ட வச்சாச்சுக்கா. பூசை முடிஞ்சாதான் தொடுவேன்” என்றார். நாங்களும் அவர் பட்டறையில் பூசைக்கு நின்றோம். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், மீட்டர் எல்லாம் வாழை இலையில் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஆரத்தி முடிந்ததும் தட்டை வாங்கி எங்கள் வண்டிக்கு நானே பொட்டு வைக்க ஆரம்பித்தேன். முன்பக்கம், ஸ்டியரிங், பழைய பேட்டரி, புதுப் பேட்டரி. புதுப் பேட்டரிக்குப் பக்கத்தில் வண்டியின் இரும்பில் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது. அங்கேயும் பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஐம்பது காசு அளவுக்குத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூசை முடிந்ததும் சாஸ்திரத்துக்கு முதல் வேலை ஒன்று செய்ய வேண்டுமே. தம்பி ஸ்பானரைக் கண்ணில் ஒற்றி எடுத்து, ஒரு கேபிளை வைத்து போல்ட்டை முடுக்கினார். “இங்க பாருங்க தம்பி, சிரிங்க” என்று நான் போட்டோ எடுத்தேன். மிச்ச வேலையை இரண்டு நாள் கழித்து முடித்துக் கொடுத்தார்.

காட்டுக்குப் போகுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்டளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் பார்க்கில், வண்டியின் பின்னால் மெத்தை விரித்து மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி பயந்துபோய், “ஏன், வீட்டுல சண்டையா?” என்று என் கணவரைக் கேட்டார். மிஷின் ஆறு மணி நேரம் ஜம்மென்று ஓடியது. உலு லங்காட்டில் அதே ஆற்றோர இடத்தைப் பதிவு செய்தோம். அவர் கூடாரத்தை எடுத்து வெயிலில் காயப் போட்டார். சீட்டியடித்துக்கொண்டே போட்டார், அதுதான் முக்கியம்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சோதனை வைத்தேன். அதற்குள் வண்டி கிள்ளானுக்கும் செராஸுக்கும் எத்தனையோ தடவை போய் வந்திருந்தது, பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். மிஷின் அரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். என் கணவர் மேலே போய்க் கூடாரத்தை மடித்து வைத்துவிட்டு வந்தார். “பரவால்ல மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கிள்ளானில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். “என்ன பேட்டரி தம்பி போட்டீங்க? இது என் மூச்சு. விளையாட்டுச் சாமான் இல்ல.”

“அக்கா, முதல்ல செக் பண்ணிக்கிறேன், அப்புறம் திட்டுங்க” என்றார் தம்பி. பேட்டரியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. நடுவிலிருந்த பெட்டியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியைக் கிளப்பினால் புதுப் பேட்டரிக்கு சார்ஜ் மட்டும் ஏறவில்லை. கடையிலிருந்து நிறைந்து வந்த சார்ஜில்தான் முதல் சோதனை ஓடியிருக்கிறது. அதன்பிறகு ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

“வேலையில கவனம் இருந்தாதானே” என்று நான் விடவில்லை. “முடுக்கும்போதே போட்டோவுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு இருந்தீங்க, இதோ ஆதாரம்.” போனை எடுத்துப் போட்டோவைப் பெரிதாக்கினேன். தம்பியின் பல் தெரிந்தது. ஸ்பானர் தெரிந்தது. கேபிளின் இரும்பு வளையத்துக்கு அடியில், நாலு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, என் சந்தனம் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைப்பானேன். பக்கத்தில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போனைத் தம்பியிடம் நீட்டினேன்.

அவர் பார்த்தார். நேராகப் போய் அந்த போல்ட்டைக் கழற்றினார். சந்தனம் பிஸ்கட் மாதிரி காய்ந்திருந்தது, அதற்கடியில் துரு. கரண்ட் திரும்பிப் போகிற வழியாம் அது. இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டும் என்றுதான் பெயின்ட்டையே சுரண்டியிருக்கிறார்.

“மன்னிச்சிருங்க தம்பி. அநியாயமா உங்களத் திட்டிட்டேன்.”

“வச்சது நீங்க, அது மேலயே முடுக்குனது நான். பாதி பாதி எடுத்துக்குவோம் கா. சாமி காரியம், துடைக்கவும் மனசு வரல.”

துருவைத் தேய்த்து எடுத்து மறுபடி முடுக்கினார். வண்டியைக் கிளப்பியதும் மீட்டரில் எண் பன்னிரண்டிலிருந்து மெல்ல ஏறிப் பதினாலைத் தொட்டது. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்தார். “இன்னும் ஒரு பொட்டு வச்சிருந்தா வண்டியே நின்னிருக்கும்” என்றார். எனக்குக் கோபமே வரவில்லை.

மதியமெல்லாம் வண்டியை ஓட்டி சார்ஜ் ஏற்றிவிட்டு, அன்று சாயங்காலமே மூன்றாவது சோதனை, அது நிற்காமல் ஓடியது. சனிக்கிழமை புறப்பட்டோம். கிளம்புமுன் பேட்டரிக்கு மறுபடியும் பொட்டு வைத்தேன், இந்த முறை பிளாஸ்டிக் மூடியின்மேல்.

ஆற்றுச் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. தலைமாட்டில் மிஷினின் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் பக்கத்தில் திரும்பி, உட்கார்ந்திருக்கும் ஆளைத் தேடினேன். அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கையை என் மிஷின் குழாயின்மேல் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மாஸ்க்கைக் கழற்றாமல், அசையாமல், அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

வெயில் முகத்தில் பட்டதும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பச்சை விளக்கை. திருடி மாட்டிக்கொண்டவர் போல முழித்தார்.

“நான் தூங்கிட்டேனா?”

“தூங்கிட்டீங்க” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் தூங்குங்க.”