கேட்டில் என்னையும் சோதியுங்கள்

சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற யாரும் கேட்டில் சோதனை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆண்களுக்கு ஒரு வரிசை. வாட்ச்மேன் சட்டைப் பையையும் வேட்டி மடிப்பையும் தடவிப் பார்ப்பார். பெண்களுக்குத் தனி வரிசை. அவர்களைச் சோதிக்க ஒரு அக்கா இருந்தார். ஒரு சீசன் காலையில், சேலை கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு நான் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்றேன். எந்தப் பக்கம் நகர்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கால்தான் வரவில்லை.

ஆமத்தூருக்குப் பக்கத்து ஊரில் மூத்த பையன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனேன். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் என்னைப் போன்றவர்களோடு இருந்து, ஆபரேஷன் செய்துகொண்டு, ரயிலில் கைதட்டிக் காசு கேட்டு எட்டு வருஷத்தை ஓட்டினேன். திரும்பி வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்து வேலைக்குப் போய், சாயங்காலம் உடம்பு வலிக்க வீடு திரும்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அம்புட்டுத்தான். விஸ்வநத்தத்தில் ஒற்றை அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. தீபாவளி ஆர்டர் குவிந்து எல்லாக் கம்பெனியிலும் ஆள் பற்றாக்குறையாக இருந்த நேரம். அதனால்தான் போர்மேன் என்னை நிமிர்ந்தாவது பார்த்தார்.

"ஏலே, என்ன வேல தெரியும்?" என்று கேட்டார். சேலையைப் பார்த்துக்கொண்டே, ஆம்பிளைகளைக் கூப்பிடுகிற 'ஏலே' என்றார்.

"லேபிள் ஒட்டுவேன்ங்க. பள்ளிக்கூட லீவுல ஒட்டியிருக்கேன்."

வேலை கொடுத்தார். கேட்டில்தான் சிக்கல் வந்தது. வாட்ச்மேன் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சோதிக்கும் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போர்மேன் வந்து எரிச்சலோடு சொன்னார். "எல்லாரும் போன பெறகு நீ கடைசியா வா. அப்படியே உள்ள போயிரு. ஒன்னைய யாரும் தொட வேண்டாம்."

எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. யார் கையும் என்மேல் படாது, யாரும் எதையும் தேடமாட்டார்கள். அவர் எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டேன். தினமும் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்பேன். இரண்டு வரிசையும் தீர்ந்த பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவேன்.

கம்பெனியில் லேபிள் ஒட்டும் எங்கள் அறையில் நான்கு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். புருஷன் இறந்து போய், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தார். முதல் வாரம் அவர் என்னோடு பேசவில்லை. இரண்டாவது வாரம் என் பக்கம் பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். மூன்றாவது வாரம், "கத்தரிக்கா வச்சிருக்கேன், வேணுமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று பூராவும் ஏன் வேண்டாம் என்றோம் என்று நொந்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் என் காது ஓயாமல் வேலை செய்யும். வெளியே யாராவது, "அது வந்துருச்சா?" என்று கேட்டால் உடம்பு இறுகிவிடும். எங்கள் பக்கம் செல்லமாக ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும்போதும் 'வந்துருச்சு, சாப்பிட்டுருச்சு' என்றுதான் சொல்வார்கள். மனுஷக் கணக்கில் சேர்க்காத ஒன்றைப் பற்றிச் சொன்னாலும் அதே பேச்சுத்தான். எனக்கு எது கிடைத்தது என்று குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பல நாள் பிரிக்க முடியாமலே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெடிகளைக் காயப்போடும் களத்துச் சுவர் ஓரத்தில், பெருக்கப் போன பெண் ஒரு துண்டு பீடியையும் எரிந்த தீக்குச்சியையும் பார்த்திருக்கிறாள். அவள் கத்தவில்லை. ஓடிவந்து போர்மேனிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினாளாம். ஐந்து நிமிஷத்தில் எல்லா அறையையும் காலி செய்து எங்களை கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். போன மாதம்தான் கொஞ்ச தூரத்தில் வேறொரு கம்பெனியில் வெடித்து, அந்தச் சத்தத்தில் எங்கள் அறை ஓடு ஆடியிருந்தது. அந்தக் குச்சி காற்றில் இரண்டு அடி நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"எப்படிலே உள்ள போச்சு?" என்று போர்மேன் வாட்ச்மேனிடம் கத்தினார். "நீ ஒழுங்காச் சோதிக்கியா இல்லையா?"

"ஒவ்வொருத்தனையும் தடவிப் பாத்துத்தாங்க விடுதேன்."

சோதிக்கும் அக்காவும் முன்னால் வந்தார். "எங்க வரிசையில ஒரு ஊசி கூடப் போகாதுங்க."

முதலில் வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அக்கா. பிறகு ஒவ்வொருவராக, கூட்டம் முழுக்கத் திரும்பியது. கம்பெனியில் சோதனை கொடுக்காமல் உள்ளே போகிற ஒரே ஆள் நான். நல்லது என்று நினைத்தேனே, அதுதான் இப்போது என் கழுத்தைப் பிடித்தது.

"எனக்கு பீடிப் பழக்கமே கிடையாதுங்க," என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்வது போலக் கேட்டது.

"ரயில்ல திரிஞ்சதுகளுக்கு என்ன பழக்கம் இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

பக்கத்து அக்காவைத் தேடினேன். காலையிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். நான் அறையை விட்டு எழவே இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு நீ வர வேண்டாம்," என்றார் போர்மேன்.

வீட்டுக்கு வந்து சோறு பொங்கினேன், இறங்கவில்லை. பயம் வேலை போனதைப் பற்றி மட்டும் இல்லை. இந்தப் பேச்சு வேன் ஏறி ஒவ்வொரு ஊராக இறங்கும். ஆமத்தூர்ப் பக்கமும் இறங்கும். அம்மா ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். நான் திரும்பி வந்தது அவளுக்குத் தெரியும். பார்க்க வந்ததில்லை. இப்போது அவள் காதில், உன் பிள்ளை கம்பெனியைக் கொளுத்தப் பார்த்தது என்றுதானே போய் விழும்? வீட்டுக்காரர் காதில் விழுந்தால் அறையும் போகும். மறுபடியும் ரயிலா?

மறுநாள் காலையில் வேனில் ஏறாமல் நடந்தே போனேன். வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு அடி விலகினாள். என் முறை வந்தது.

"என்னையும் சோதிங்கக்கா," என்றேன்.

அந்த அக்கா இரண்டு அடி பின்னால் போனார். "ஒன்னையத்தான் வர வேண்டாம்னு சொல்லியாச்சே."

"சோதிச்சிட்டு எதாவது இருந்தா திருப்பி அனுப்புங்க. நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. சோதிக்காம எப்படி நான்தான்னு சொல்றீக?"

"ஒன்னையத் தொட்டேன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நான் என்ன சொல்ல?" என்றவர், குரலை இறக்கி, ஆனாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஆண்கள் வரிசை அசையவே இல்லை. எனக்கு முகம் எரிந்தது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. "அக்கா, இத்தன வருசத்துல இந்த வரிசையில வேற யார்கிட்டயாவது இப்படிக் கேட்டிருக்கீகளா?" என்றேன். தூக்குச்சட்டியை அவர் முன்னால் நீட்டினேன்.

அப்போது, சோதனை முடிந்து உள்ளே போன என் பக்கத்து அக்கா திரும்பி கேட்டுக்கு வெளியே வந்தார். "இவளச் சோதிக்கலன்னா நாளையில இருந்து என்னையவும் சோதிக்காதீக. நானும் அப்படியே போவேன். எல்லாரும் போகட்டும். யாரு மடியில என்ன இருக்குன்னு தெரியாம, உள்ள உக்காந்து வேல பாப்போம்."

"நீ எதுக்கு வக்காலத்து வாங்குற?" என்று கேட்டுக்கொண்டே போர்மேன் வந்தார்.

"வெடிச்சா நாலு பேரும் சேந்துதான போவோம்? ஒருத்திய மட்டும் சோதிக்காம எப்படி விட்டீக? அது யாரு தப்பு?"

வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர், "ஆமா, சோதிச்சிட்டே விடுங்க," என்றார்கள். லோடு ஏற்ற லாரி காத்து நின்றது. சீசன் நேரத்தில் அரை மணி நேரம் கேட்டில் போனால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? "சோதிச்சுத் தொலைங்க," என்று சொல்லிவிட்டு போர்மேன் உள்ளே போனார்.

சோதிக்கும் அக்கா என் பக்கம் வந்தார். முதலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு இடுப்பு மடிப்பில் இரண்டு விரல். என் கண்ணைப் பார்க்கவில்லை. மூன்று நொடிகூட ஆகியிருக்காது. "போ," என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு வெகு நேரம் லேபிள் கோணலாகவே ஒட்டியது. பக்கத்து அக்காவிடம், "எனக்காக வந்து பேசினீக," என்றேன்.

"ஒனக்காக ஒண்ணும் பேசல," என்றார். "எனக்கு மூணு பிள்ளைக இருக்கு. பயந்துபோய்ப் பேசினேன்." இரண்டு லேபிள் ஒட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "நேத்து நானும் ஒன்னையத்தான் நெனச்சேன். நீ எந்திரிக்கவே இல்லன்னு தெரிஞ்சும் நெனச்சேன். காலைல வரைக்கும் அதத்தான் யோசிச்சேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று அவர் கொடுத்த கத்தரிக்காயை வாங்கிச் சாப்பிட்டேன்.

பீடி போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. லாரியில் வந்தவர்களாக இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு அவர்களையும் சோதித்தார்கள். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மாதம் வரை சோதிக்கும் அக்காவின் விரல் இரண்டாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் மற்றவர்களைப் போலவே என் முந்தானையை உதறிப் பார்த்து, "சீக்கிரம் போ பிள்ள, பின்னாடி நிக்காக," என்றார். ஆனால் பெண்கள் கக்கூஸுக்கு நான் போவதைப் பற்றி இரண்டு பேர் புகார் கொடுத்தார்கள். அந்தப் பஞ்சாயத்து அடுத்த சீசன்வரை இழுத்தது. நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். வருகைப் பதிவில் அப்பா வைத்த பெயரே இருந்தது. சனிக்கிழமை சம்பளத்துக்கு அதைக் கூப்பிடும்போது கை தூக்க வேண்டும். ரேஷன் கார்டில் எங்களுக்குத் தனியாகக் குறிப்பிட இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாலுகா ஆபீசுக்கு எட்டுத் தடவை நடந்தேன். ஒன்பதாவது தடவை கார்டு கிடைத்தது. அதைப் பார்த்து என் பெயரை மாற்றி எழுதியது அதே போர்மேன்தான். எழுதிவிட்டு, எழுத்து சரியா என்று கேட்டார்.

தீபாவளி முடிந்த அந்த வருஷக் கடைசியில், ஒரு நாள் ஆட்களை இறக்கச் சுற்றிப் போன வேன் ஆமத்தூரில் நின்றபோது அம்மா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். அவளைப் பார்த்து எட்டு வருஷத்துக்கும் மேலே ஆகியிருந்தது. நான் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொம்பளைகதான் ஒன்னையச் சோதிக்காகளாமே?" என்றாள்.

"ஆமாம்மா."

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே, "தம்பிக்குப் பொண்ணு பாத்திருக்கு. அது முடியுற வரைக்கும் வீட்டுப் பக்கம் வந்துறாத. முடிஞ்ச பெறகு வா," என்றாள். வேன் கிளம்பியது.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். தம்பி வீட்டில் இல்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று வெளியே போயிருந்தானா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருந்தானா, கேட்க முடியவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் இலையைப் போட்டாள். தம்பி பொண்டாட்டி சோறு வைத்தாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபது வயதுதான் இருக்கும். என்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்லி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சாப்பிடும்போதே அம்மா வாசலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பாதிச் சாப்பாட்டில் யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மாவின் கை ரசக் கரண்டியோடு அப்படியே நின்றது. நான் எழுந்து பின்பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் தம்பி பொண்டாட்டி போய்க் கதவைத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா, உறைக்கு மோர் கேட்டு வந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றார்.

"எங்க மதினி வந்திருக்காக," என்றாள் அவள், மோர்ச் சட்டியை எடுத்துக்கொண்டே. புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மோரை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா ரசத்தை ஊற்றினாள், இலையைத் தாண்டிக் கொஞ்சம் தரையில் ஓடியது. நான் சாப்பிட்டு முடித்து, நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.