எதிர்க்கடை மாலைகள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் காலையில் டீ குடிக்கும் கடைக்கு அவரும் வருவார். ஐம்பது வயதிருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். வாசலில் நின்றபடியே, எதிர்ப் பூக்கடையில் தொங்கும் மாலைகள் எந்தப் பக்கம் அசைகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். அணுசக்தி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையாம். மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவியிலிருந்து தினமும் வடிதாளை எடுத்து, கதிரியக்கம் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

“நம்ம ஊர்ல அணு உலையே இல்லையே சார்?”

“காத்துக்கு செக்பாயின்ட் கிடையாது லா.”

“இதுவரைக்கும் ஏதாவது வந்திருக்கா?”

“ஒன்னும் இல்லைன்னு எழுதுறதுதான் என் வேலையே.”

“ஒருநாள் இருந்துச்சுன்னா?”

“திரும்ப டெஸ்ட் பண்ணுவேன். அப்பவும் இருந்தா பாஸ்கிட்ட சொல்லுவேன்.”

“வீட்டுக்கு?”

கிளாஸைக் கீழே வைத்தார்.

“என் பொண்ணு தெம்பனிஸ்ல படிக்கிறா. அவளுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்துலதான் தெரியும்.”

அப்போது மட்டும் அவர் மாலைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் கடைக்குள் நுழைந்ததும் அவர் முகத்தைத்தான் தேடுவேன். அதில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும் தேடுவேன். மூன்று நாளாக அவர் வரவில்லை. லீவில் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உட்கார முடியவில்லை. டீ கிளாஸோடு வாசலில் நின்று, எதிர்க்கடை மாலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.