ஊதா மருந்தும் ஸ்பிரிட் பாட்டிலும்

போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் பதினோரு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர் காலிலும் நான் போட்ட மருந்து. கம்பவுண்டர் வேலையில் எனக்கு அது இரண்டாம் வருடம். இருபது வருடம் கழித்து இப்போதுதான் இதை எழுதுகிறேன்.

1

ஜென்ஷன் வயலட் என்ற அந்த ஊதா மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் பார்த்தால் பச்சை மினுமினுப்புள்ள கரும்பொடி. தண்ணீர் பட்டால்தான் ஊதா. கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, பிறகு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து, வடிகட்டி ஒரு பர்சென்ட் சொல்யூஷன் ஆக்குவோம். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு இன்னும் நீர்க்க வேண்டும். தடவியதும் விழுங்காதபடி குப்புறப் படுக்க வைக்க வேண்டும். அந்த வாரம் என் ஏழு மாத மகளுக்கும் அதே மருந்துதான். வாயெல்லாம் ஊதாவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடவுக் காலத்தில் இந்த மருந்து குடம் குடமாகச் செலவாகும். நாளெல்லாம் சேற்றில் நிற்பவர்களுக்கு விரலிடுக்கு வெளுத்து, தோல் உரிந்து, சேத்துப்புண் வரும். தடவினால் இரண்டு நாளில் காயும். சோப்பு போட்டாலும் கறை போகாது. ஸ்பிரிட்டுக்கு மட்டும் இளகிவிடும்.

2

அந்த வருடம் கூலித் தகராறு. உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டுப் பண்ணையில் வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கியதில் வரப்பிலேயே அடிதடி. பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரருக்கு அரிவாள் வெட்டு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார்.

மறுநாள் காலை கோவிந்தன் என்ற விவசாயத் தொழிலாளி டிஸ்பென்சரிக்கு வந்தான். புறங்காலில் நீளமான, ஆனால் ஆழமில்லாத வெட்டு. டாக்டர் லீவு. வெட்டுக்காயம் என்றால் போலீசுக்கு எழுத வேண்டும். அவன் வெட்டினானா, வெட்டுப்பட்டானா, எனக்குத் தெரியாது.

"எழுதிட்டா வெளங்காதுய்யா. மூணும் பொண்ணு" என்றான்.

காயத்தைக் கழுவி, பாதம் முழுக்க விரலிடுக்கு வரை ஊதாவைப் பூசிவிட்டேன். "யாரு கேட்டாலும் சேத்துப்புண்ணுன்னு சொல்லு." ரிஜிஸ்டரிலும் அப்படியே எழுதினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

அடிபட்டவர்களுக்கு நான் ஊதா மருந்து போடுகிறேன் என்று யாரோ போலீசில் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் கூலிக்காரர்கள் தெருவில் ஊதாக் கால் உள்ள ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்படிப் பிடிபட்ட மாரிமுத்துவின் மனைவி செல்லம்மா ஓடிவந்தாள். "அவரு நாலு நாளா காச்சல்ல கெடக்குறாருய்யா. சண்டைக்கு முந்தியே, திங்கக்கெழம நீங்கதானே மருந்து போட்டீங்க? வந்து சொல்லுங்கய்யா."

ரிஜிஸ்டரைக் காட்டினால் மாரிமுத்து தப்பிப்பான். சண்டைக்கு மறுநாள் முதல் ஆளாக வந்த கோவிந்தனின் பெயரும் அதிலேயே இருக்கிறது. ரிஜிஸ்டரை அலமாரியில் பூட்டினேன். பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும் எடுத்துக்கொண்டேன்.

வாசலில் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க எதுக்குங்க போறீங்க? கைப்புள்ளக்காரங்க நாம."

3

"வாங்க பாய்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஊரையே கத்திரிக்காயாக்கி வெச்சிருக்கீங்க."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயத்தில் வரும் சிரிப்பு.

"இது சேத்துப்புண் மருந்துங்க சார். எல்லாருக்கும் போடறதுதான். நம்பலேன்னா தொடச்சுக் காட்டறேன்." மாரிமுத்துவின் காலில் ஸ்பிரிட் பஞ்சை வைத்து இழுத்தேன். ஊதா பஞ்சுக்கு வந்தது. அடியில் வெளுத்து ஊறிய தோல், வெட்டு இல்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "அட, போயிடுதே! டேய், நீ போடா." மாரிமுத்து எழுந்தான். நான் பாட்டிலை மூடினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? மிச்ச பத்து பேரையும் தொடச்சிருங்க பாய். எங்களுக்கு இது தெரியாமப் போச்சே."

அப்போதுதான் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது எனக்கு உறைத்தது.

"ஸ்பிரிட் பத்தாதுங்க சார்..."

"முக்கா பாட்டில் இருக்கே. ஏன் பின்வாங்குறீங்க? நீங்களா வெட்டுனீங்க?"

மகளின் ஊதா வாய் கண்ணுக்குள் வந்தது. உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு காலாக ஊதா இளகியது. ஒவ்வொருவனையும் போகச் சொன்னார்கள். கோவிந்தன் கடைசியில் இருந்தான். பஞ்சு படுவதற்கு முன்பே, ஸ்பிரிட் வாசனைக்கே, காயம் எரியும் என்று அவன் காலை இழுத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

கோவிந்தன் என்னையே பார்த்தான். பிறகு காலை மறுபடி நீட்டினான்.

"தொடங்கய்யா. நீங்க போட்டதுதானே."

துடைத்தேன்.

காரியக்காரர் பிழைத்துக்கொண்டார். கோவிந்தன் எட்டு மாதம் உள்ளே இருந்து வந்தான். காயத்தை மறைத்ததைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. உதவி செய்ததற்கு இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக்கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த நடவில் நிறைய மருந்து கலக்கி வைத்தேன். அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. செல்லம்மா சேத்துப்புண்ணில் பாதம் வெந்து, நொண்டிக்கொண்டு டிஸ்பென்சரி வாசலைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டேன். "வேணாங்கய்யா, தானா ஆறிடும்" என்றாள்.

அந்த மகள் போன வாரம் ஒரத்தநாட்டுப் பக்கம் ஃபார்மசிஸ்ட்டாகச் சேர்ந்திருக்கிறாள். தினமும் அவள் வீடு திரும்பும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. அவளுக்கும் இந்த வேலைக்கு வரும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். கறையை எடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால், யாருடைய கறை என்று முதலில் கேளுங்கள். பாட்டிலைத் திறந்த பிறகு அதைக் கேட்க முடியாது.