மூடிய வாய்க்கால்

அந்த மனிதரை நான் கடப்பாறையால் இரண்டு முறை அடித்தேன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கடலூரிலிருந்து திருவந்திபுரம் போகும் சாலையை ஒட்டி, நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். நாற்பது மனைகளில் ஆறேழு வீடுகள்தான் எழும்பியிருந்தன. மற்ற இடமெல்லாம் எண் எழுதிய கற்களும் கருவேல முள்ளும். எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஸ்டோர் கீப்பர் வேலை. மனைவி, ஏழு வயது மகள், கடன் வாங்காமல் கட்டிய சின்ன வீடு. மழை பெய்தால் எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் தெருவோர மண் வாய்க்காலில் இறங்கும். கடைசி வீட்டு வாசலைத் தாண்டி, சாலைக்கு அடியில் போட்டிருந்த சிமெண்ட் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விடும்.

அந்தக் கடைசி வீட்டைச் சுனாமிக்குப் பிறகு வாங்கியவர் தேவனாம்பட்டினத்துக்காரர். மீன்பிடிப் படகில் பங்கு வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டு வாசலில் நின்ற அம்மாவை அலை அடித்துக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்தவர். கடல் பக்கமே இனி வேண்டாம் என்று மனைவியோடு இங்கே வந்தார்.

மறுவருஷ மழைக்காலத்தின் முதல் பெருமழையில் குழாய் கொள்ளாமல் தண்ணீர் அவர் முற்றத்தில் ஏறியது. அடுத்த வாரமே இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி, வாசலுக்கு முன்னால் வாய்க்காலை மூடினார். எங்கள் பக்கத்தில் மணல் மூட்டைகளைச் சுவர் போல அடுக்கினார்.

போய்க் கேட்டேன். "அண்ணே, இத மூடுனா நாங்க எங்க போறது?"

"நீ எங்கயாவது போ சார். என் வூட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாது."

"எங்க வீட்டுக்குள்ள வருமே?"

"வூட்டுக்குள்ள தண்ணி வர்றதுன்னா என்னான்னு உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊராட்சியில் மனு கொடுத்தோம். ஒருவர் பைக்கில் வந்து, வண்டியை விட்டு இறங்காமல் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. இரண்டாம் நாள் எங்கள் கூடத்தில் முழங்கால் ஆழம். மூன்றாம் நாள் காலையில் செப்டிக் டேங்க் பொங்கி, மலம் மிதந்து சமையலறைக்குள் வந்தது. மகள் கட்டிலில் நின்றபடி வாந்தி எடுத்தாள். என் மனைவி அரிசி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கடப்பாறையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் மூட்டையைக் குத்திக் கிழித்தேன். அடுத்தடுத்து நான்கைந்து மூட்டைகள் சரிந்ததும் தண்ணீரே மிச்சத்தைத் தள்ளியது. கிராவல் மேடு தடுத்ததால் அது வாய்க்காலில் போகாமல் நேராக அவர் கேட்டுக்குள் பாய்ந்தது. உள்ளே அவர் மனைவி அலறினாள். வெறும் தண்ணீரைப் பார்த்து அலறும் அலறல் இல்லை அது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் இன்னொரு மூட்டையைக் குத்தினேன். மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

அவர் ஓடி வந்தார். "டேய், டேய்!" என்று மட்டும் கத்தினார். வந்த வேகத்தில் என் நெஞ்சில் முட்டினார். நான் மல்லாந்து விழுந்தேன். என் மேல் ஏறி உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். வலை இழுத்த கை. என்னால் அசைக்க முடியவில்லை. வாயிலும் மூக்கிலும் சேறு போனது. பக்கத்தில் கிடந்த கடப்பாறை விரலில் பட்டது. பிடித்துச் சுழற்றினேன். அவர் தோளில் பட்டது. பிடியை விட்டார்.

எழுந்தேன். அவர் கையூன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். இன்னொரு முறை அடித்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறியும் சத்தம் அந்த மழையிலும் கேட்டது.

என் மனைவிதான் ஓடி வந்து கடப்பாறையைப் பிடுங்கினாள். புடவையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். அவளும் அவர் மனைவியும் சேர்ந்து மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய் ஆட்டோ பிடித்தார்கள். நான் சேற்றில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வரும் என்று ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்துவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். கை கோணலாகச் சேர்ந்தது. படகுப் பங்கை விற்றார். கோடை வருவதற்குள் வீட்டையும் விற்றுவிட்டுப் போனார். புதிதாக வந்தவர் வாய்க்காலை மூடியிருந்த கிராவலை அள்ளி அப்புறப்படுத்தினார். நாங்கள் ஏழு வீடும் சேர்ந்து சிமெண்டில் வாய்க்கால் கட்டி, குழாயைப் பெரிதாக மாற்றினோம். அதற்குப் பிறகு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

நான்கைந்து வருஷம் கழித்துச் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் காக்கிச் சட்டையில் அவரைப் பார்த்தேன். வாட்ச்மேன் வேலை. தெருவைக் கடந்து, வெயில் அடிக்கும் எதிர்ப்பக்கமாகப் போனேன். பல மாதம் அப்படியே போனேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, நில்லு. எத்தினி நாளைக்கு வெய்யில்லயே நடப்ப?"

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். க்ளாஸை வலது கையால்தான் எடுத்தார். இடது கை மடியில் கிடந்தது. நான் கேட்டேன்: "அன்னிக்கு ஏண்ணே போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா நீயும் சொல்லுவியே. நான் உன்ன அமுக்குனத." டீயை ஒரு வாய் குடித்தார். "நீ போயிருப்ப தம்பி. விடணும்னு எனக்குத் தோணவே இல்ல. உன் மூஞ்சியே தெரியல. தண்ணிதான் தெரிஞ்சுது."

"நீங்க விட்டப்புறந்தான் ரெண்டாவது அடி அடிச்சேன்" என்றேன்.

"தெரியும்."

இதை யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. அவர் டீக்குக் காசு கொடுக்கப் போனார். நான் கொடுக்கிறேன் என்று எழுந்தேன். "உக்காரு" என்று அதட்டினார். உட்கார்ந்தேன்.

அதன் பிறகு தினமும் அந்த லாட்ஜ் பக்கமாகவே நடந்தேன். அவர் இருந்தால் தலையாட்டுவார். நானும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போவேன்.